முதல் பாயிண்ட் ஷூ எப்போது, எப்படி வாங்குவது? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி – பாளையங்கோட்டைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வருகிற கார்த்திகையில் 11 வயது நிறைகிறது. பெங்களூரில் இருந்தபோது மூன்று ஆண்டுகள் பாலே பயின்றாள்; சென்ற ஆண்டு ஊர் திரும்பிய பிறகு அதே ஆசிரியையிடம் வாரம் இருமுறை இணையவழியில் கற்றுவருகிறாள். விரல் நுனியில் நின்று ஆடும் பாயிண்ட் ஷூ வேண்டும் என்று இப்போது நாள்தோறும் கேட்கிறாள். நேற்று மாலை, கூடத்து டைல்ஸ் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கட்டைவிரல் நுனியில் ஏற முயன்றதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. பாதத்தை அளந்து, வளரும் பிள்ளை என்பதால் ஓர் அளவு பெரிதாகவே இணையத்தில் வாங்கிவிடலாமா? ஆசிரியை இதுபற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மறுமொழி – தூத்துக்குடியிலிருந்து, முன்னாள் மாணவி

அக்கா, வெறுங்காலில் ஏறுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஓர் அளவு பெரிதாக வாங்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடச் செருப்புக்குப் பொருந்தும் கணக்கு இதற்குப் பொருந்தாது.

இந்தக் காலணியின் முனையில் பாக்ஸ் என்றொரு கூடு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் துணியையும் தாளையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கி அதைச் செய்கிறார்கள். பாதத்தின் அடியில் ஓடும் விறைப்பான பட்டைக்கு ஷாங்க் என்று பெயர். கூடு பாதத்தைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிப்பதாலும், ஷாங்க் அடியிலிருந்து தாங்குவதாலும்தான் எடை முழுவதும் விரல் நுனியில் இறங்காமல் இருக்கிறது. காலணி தளர்வாக இருந்தால் பாதம் சறுக்கிக் கீழே இறங்கி, கட்டைவிரல் தனியாக எடை சுமக்க நேரும். எனக்கு அதுவே நடந்தது. 12 வயதில் இணையத்தில் வாங்கிய தளர்வான ஜோடியோடு இரண்டு வாரம் ஆடியதில், இரு கட்டைவிரல் நகங்களும் கறுத்து, ஒன்று கழன்றே விழுந்துவிட்டது.

சரியான ஜோடியில் தரையில் நிற்கும்போது விரல்கள் மடங்காமல் நீண்டு கிடக்க வேண்டும்; முழங்காலை மடக்கி டெமி பிளியேயில் இறங்கும்போது அவை முனையைத் தொட வேண்டும். விரல்களின் நீள வரிசை, முன்பாதத்தின் அகலம், பாத வளைவு ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நீள அளவை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க முடியாது. முதல் ஜோடியைக் காலில் போட்டுப் பார்த்து, விவரம் தெரிந்த ஒருவர் அருகில் நின்று சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மறுமொழி – வண்ணார்பேட்டையிலிருந்து, இயன்முறை மருத்துவர்

வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. 11, 12 வயதில் பலர் தொடங்குகிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் அந்த வயதில் பாத எலும்புகளின் வளர்ச்சி முடிந்திருப்பதில்லை, ஆகவே கணுக்காலிலும் இடுப்பிலும் போதிய வலிமை இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. சில சோதனைகளை வீட்டிலேயே பார்க்கலாம். கால்களை நீட்டி உட்கார்ந்து பாதத்தை முழுவதுமாகக் கீழ்நோக்கி நீட்டினால், முன்னங்காலும் புறங்காலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைகின்றனவா? ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறையாவது கணுக்கால் சாயாமல் உயர்த்தி இறக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்சாய்த்து, மறுகாலைப் பின்னால் நீட்டியபடி ஐந்து முறை முழங்காலை மடக்கி நிமிரும்போது, முழங்கால் உள்நோக்கிச் சரியாமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா? இவற்றில் தடுமாறினால் இன்னும் சில மாதப் பயிற்சி தேவை. தேறினாலும், இறுதி முடிவை ஆசிரியையும் ஒரு மருத்துவரும் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும்.

தரையும் முக்கியம். டைல்ஸுக்கு அதிர்வைத் தாங்கும் தன்மையே கிடையாது, வழுக்கவும் செய்யும். அதன்மேல் பத்தமடைப் பாயை விரித்தால் அதுவும் காலோடு சேர்ந்து நழுவும். அடர்த்தியான நுரைத்தட்டின் மேல் ஒட்டுப்பலகை பொருத்தி, அதன்மேல் வினைல் விரிப்பு ஒட்டுவது நல்லது.

பாளையங்கோட்டைத் தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. அவள் பரதநாட்டியமும் கற்கிறாள். முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி பழகியது இதற்கு உதவுமா?

மறுமொழி – நெல்லை டவுனிலிருந்து, பரதநாட்டிய ஆசிரியை

இடுப்பிலிருந்து தொடையை வெளிப்புறம் திருப்பும் பழக்கம் நிச்சயம் உதவும், அம்மா. ஆனால் நாம் தட்டடவில் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றித் தட்டுகிறோம்; பாலேயில் பாதம் நீண்டு தரையை விட்டு எழுகிறது. ஒன்றில் தேர்ந்த கால் மற்றொன்றுக்குத் தானாக ஆயத்தமாகிவிடாது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர், அதன் பிறகே பரதத்துக்கு வந்தார். இரண்டையும் பயில்வது குறித்துப் பிள்ளையைத் தயங்கவைக்க வேண்டாம்.

மறுமொழி – தூத்துக்குடியிலிருந்து, முன்னாள் மாணவி

ரிப்பன் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பெரும்பாலும் ரிப்பனும் எலாஸ்டிக்கும் தனியாகவே வரும், நாமேதான் தைக்க வேண்டும். காலணியின் குதிகால் பகுதியை உட்புறமாக மடித்தால் பக்கவாட்டில் ஒரு மடிப்பு விழும். ரிப்பனை அங்கே உட்புறம் வைத்து, விளிம்பில் ஓடும் இறுக்குக் கயிற்றில் ஊசி ஏறிவிடாமல் தைக்க வேண்டும். நூல் அதில் ஏறிவிட்டால் கயிற்றை இழுக்கவே முடியாது. ஆடி முடித்ததும் வியர்வை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் பாக்ஸ் இளகிவிடும். அதற்காகத் தட்டட்டி வெயிலிலும் போட வேண்டாம், மின்விசிறிக் காற்றே போதும். ஐப்பசி மழையில் ஒரு நாளில் காயாது, இரண்டு நாள் விடுங்கள்.

பாளையங்கோட்டைத் தாய்

ஆசிரியையிடம் இன்று பேசினேன். அரையாண்டு விடுமுறையில் பெங்களூருக்கு வந்தால் நேரில் பார்த்து, தகுதி இருந்தால் அவரே கடைக்கு உடன் வருவதாகவும், தொடக்கத்தில் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும், கம்பியை இரு கையாலும் பிடித்தபடியே பயிற்சி இருக்கும் என்றும் சொன்னார். மகளுக்கு முதலில் முகம் வாடியது; பிறகு மருத்துவர் சொன்ன எண்ணிக்கையைச் சுவர் நாட்காட்டியில் எழுதிவைத்துக்கொண்டாள். இன்று மாலை வலக்காலில் 14 முறை, இடக்காலில் 9 முறை ஏறி இறங்கியிருக்கிறாள்.