‘உள்ளூர்’ வேண்டாம், ‘திட்டுப்பரவல்’ ஆகுமா?

அன்புடையீர்,

நீலகிரித் துள்ளிப் பட்டாம்பூச்சிகளின் (ஸ்கிப்பர்) பட்டியலின் தமிழ் வரைவில், ‘லோக்கல்’ என்று வரும் இடமெல்லாம் ‘உள்ளூர்’ என்று எழுதப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஓர் இனம் மலை முழுவதும் விரவாமல் தனக்கு ஒத்த சில இடங்களில் மட்டும் வாழ்வதையே பூச்சியியலார் அச்சொல்லால் குறிக்கின்றனர். அவ்விடங்களில் அது ஏராளமாகவும் இருக்கலாம். ‘உள்ளூர், சாதாரணம்’ என்று படிப்பவர் ஊட்டிச் சந்தையிலேயே அதைத் தேடத் தொடங்கிவிடுவார்.

துள்ளிகளின் புழுக்கள் உணவுச் செடியை விட்டு அகலாதவை. கூடலூர்ப் பக்கத்து இஞ்சிப் பாத்தியில் ஓர் இலை மடங்கிக் குழலாக ஒட்டியிருந்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். கருந்தலையும் பச்சை உடலுமாக உடாஸ்பஸ் ஃபோலஸ் என்னும் துள்ளியின் புழு உள்ளே கிடக்கக்கூடும். இஞ்சி, மஞ்சள் இனச் செடிகள் இல்லாத புல்வெளி மேட்டில் அப்புழுவைத் தேடிப் பயனில்லை. புல்லையும் மூங்கிலையும் உண்பவற்றுக்கு எல்லைகள் வேறு. மேல்மலைக் காட்டை நாம் ‘சோலைத்திட்டு’ என்றே சொல்லிவருவதால், அத்திட்டிலிருந்து ‘திட்டுப்பரவல்’ என்று ஆக்கலாம். முன்மொழியப்பட்ட ‘இடஞ்சார் பரவல்’ பொருந்தாது; இடஞ்சாராத பரவல் என்று ஒன்று உண்டா என்ன?

ஓர் இனம் ஓரிடத்தில் எவ்வளவு எண்ணிக்கையில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ‘அபண்டன்ஸ்’ என்பதற்கு ‘மிகுதி’ என்றால், ‘குறைந்த மிகுதி’ என்று எழுத நேரும். ‘அடர்த்தி’யும் சரிவராது, அது பரப்பலகுக்கு இத்தனை என்னும் கணக்கு. பட்டாம்பூச்சிகளை எண்ணச் சூழலியலாளர் பொல்லார்ட் 1977இல் வெளியிட்ட முறையிலோ, குறித்த தடத்தில் சீராக நடந்து, இருபுறமும் 2.5 மீட்டருக்குள் தென்படுவனவற்றை எண்ணுகிறோம். கிடைப்பது ஒப்பிடுவதற்கான குறியெண் மட்டுமே. அதிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து மறையும் துள்ளிகள் பல எண்ணிக்கையில் விடுபட்டுப் போகும். ஆகவே ‘வெப்பநிலை’யைப் போல ‘மலிநிலை’ என்கிறேன். ‘தாழ்ந்த வெப்பநிலை’ உறுத்தாததுபோலத் ‘தாழ்ந்த மலிநிலை’யும் உறுத்தாது. மலிவு விலை நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் ‘மலிந்து கிடக்கிறது’ என்பது இன்றும் நம் வாயில் புழங்கும் வழக்கே.

பரவல், மலிநிலை இரண்டையும் பட்டியலின் ஒரே கட்டத்தில் அடைப்பதுதான் பெரிய பிழை. தேயிலைத் தோட்டக்காரரான ஹாம்ப்சன் 1888இல் வெளியிட்ட நீலகிரிப் பட்டியலோடு இன்றைய பதிவுகளை ஒப்பிட முனைபவர், ஓர் இனம் வாழும் திட்டுகள் குறைந்தனவா, திட்டுக்குள் அதன் எண்ணிக்கை குறைந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஹாம்ப்சனின் பெயரைத் தாங்கிய பாரகஸ் ஹாம்ப்சோனி என்னும் துள்ளியின் பதிவிலிருந்தே தொடங்கி, ‘பரவல்’, ‘மலிநிலை’ என இரு கட்டங்களாக அடுத்த வரைவை அமைத்து அனுப்புகிறேன். மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுக.