மறு: 'சங்க்' – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

பி.எட். உளவியல் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. குறுகியகால நினைவு, நீண்டகால நினைவு எல்லாம் சரி. உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையில் வரும் 'சங்க்' (chunk) மட்டும் இடிக்கிறது. அப்படியே எழுதினால் ஊதுகிற சங்கு என்று படிக்கிறார்கள். பழைய குறிப்பில் 'துண்டு' என்றிருக்கிறது.

வகுப்பில் 194719501969 என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். திருப்பிக் கேட்டால் ஏழாவது எட்டாவதில் தடுமாறினார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே முழுவதும் ஒப்பித்தாள். "சுதந்திரம், குடியரசு, தமிழ்நாடுன்னு பேர் வச்சது" என்றாள். 12 இலக்கம் அவளுக்கு மூன்றாகிவிட்டது. அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

*

> பழைய குறிப்பில் 'துண்டு'

வேண்டாம். துண்டு வெட்டினால் வருவது. இங்கே நடப்பது சேர்ப்பு. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் சதுரங்கப் பலகையைச் சில விநாடி காட்டி, காய்களை அப்படியே திரும்ப அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் வல்லவர் கடகடவென்று வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது புதியவரைவிட அவர் ஒன்றும் மேலில்லை. முன்னறிவுதான் சேர்த்துக் கட்டுகிறது. ஆகவே 'கொத்து'. பூங்கொத்து, சாவிக்கொத்து, யாருக்கும் விளங்கும்.

*

> ஆகவே 'கொத்து'

யாழ்ப்பாணத்தில் கொத்து என்றதும் தகட்டில் ரொட்டி கொத்துகிற சத்தம்தான் காதில் கேட்கும். துண்டாக்குவது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்கே வருகிறீர்களே! அரிசி அளக்கிற கொத்தும் எங்களிடம் உண்டு. அது வேண்டுமானால் பரவாயில்லை.

*

நண்பர்களே, வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுத் தெருவில் தேடுகிறோம். 'சீர்'! எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். 'கருவிளங்காய்' என்னும்போது யார் நிரை நிரை நேர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? ஒரே நேரத்தில் நினைவில் நிற்பவை என்று மில்லர் சொன்ன அளவு 7, கூடக்குறைய 2. குறளுக்கு எத்தனை சீர்? ஏழு! தற்செயல் என்கிறீர்களா? சேர் என்பதிலிருந்தே சீர் வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

தவிர, மூன்றாம் பக்கத்தில் 'ஞாபகம்' கண்ணில் பட்டது. வடசொல், நீக்குக.

*

ஐயா, சேரும் சீரும் காதுக்கு ஒன்றுபோல் இருப்பது சான்றாகாது. ஏழும் நிலைக்கவில்லை, உண்மையில் ஏறக்குறைய 4-தான் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001-இலேயே எழுதிவிட்டார். வள்ளுவரை இப்போது என்ன செய்வது?

ஞாபகம் இருந்துவிட்டுப் போகட்டும். அது தமிழில்லை என்று என் அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

*

> ஏறக்குறைய 4-தான்

நாற்சீர் வந்தால் அளவடி! 'அளவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைக்கும் சதாவதானம் செய்தாரே, அவரெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு நூறையும் நினைவில் வைத்தார் என்று நினைக்கிறீர்கள்? அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

*

ஐயா, தனி இழையிலேயே எழுதுங்கள். தேர்வில் 'சீர் என்றால் என்ன?' என்று கேட்டால் பாதிப் பேர் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் எழுதிவைப்பார்கள்.

இதுவரை கொத்துக்கு நான்கு பேர், சீருக்கு ஒருவர். யாழ்ப்பாணத்து நண்பர் அரிசிக் கொத்தோடு நிற்கிறார். 'கொத்து', 'கொத்தாக்கம்' என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே 'சங்க்' என்றும் போட்டிருக்கிறேன்.

*

> 'கொத்தாக்கம்'

கொத்தனார் வேலை மாதிரி இருக்கிறது. என் வகுப்பில் நான் சீர் என்றுதான் சொல்வேன். அடுத்த பதிப்பு எப்போது?