கடலோரத்தில் சொகுசு மின்கார்: எர்த், உப்புக்காற்று, கருவேலமுள்

கீழக்கரையிலிருந்து

ஏர்வாடித் தம்பி ஒருவர் சொகுசு மின்கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். ஜிஎஸ்டி மின்காருக்கு 5 சதவீதம், பெரிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம் என்று கணக்குப் போட்டால் ஆசை வரத்தான் செய்யும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஜெர்மன் செடான், 80 யூனிட் பேட்டரி, இரண்டு வருடமாகிறது.

வாங்கும் முன் வாப்பாவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை கேட்டது ஒரே கேள்விதான்: "நடுவழியில சார்ஜ் தீர்ந்துட்டா?" ஒருநாளும் தீரவில்லை. இங்கிருந்து மதுரை போய்த் திரும்ப 260 கிலோமீட்டர் சொச்சம். ஏசியோடு ஓட்டினாலும் யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் கிடைக்கிறது. வீடு வந்து சேரும்போது 40 சதவீதம் மிச்சமிருக்கும்.

என்னைப் படுத்தி எடுத்தது எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. வீட்டில் சார்ஜரை மாட்டிய முதல் ராத்திரி சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவே இல்லை. கார்க் கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கார் நல்லா இருக்கு சார், உங்க வீட்ல எர்த் இல்ல" என்றார். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் ஓடுகிற வீட்டில் எர்த் இல்லை என்றால் எப்படி நம்புவது? நம்மூர் எலக்ட்ரீசியன் அண்ணன் மீட்டரை வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட் காட்டியது. ஐந்து வோல்ட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். கொல்லையில் தோண்டினோம். எர்த்துக்காக அந்தக் காலத்தில் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், கையில் எடுத்ததும் ஏடு ஏடாக உதிர்ந்தது. கடலோர மண்ணில் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிட்டன. மற்ற சாமான்கள் எர்த் இல்லாமலும் ஓடிவிடும். கார் சார்ஜர் முதலில் எர்த்தைச் சோதித்துப் பார்த்துத்தான் கரண்டை உள்ளே விடும். அது செய்வது நியாயம்தான். இத்தனை வருடம் எர்த் இல்லாத வீட்டில் பிள்ளைகள் ஈரக்கையோடு ஸ்விட்ச் போட்டதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. செம்பு பூசிய ராடு இரண்டு இறக்கி, எர்த் பவுடர் போட்டு மூடினோம். அப்புறம் சிவப்பு விளக்கு வரவில்லை.

கூடவே வீட்டுக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் இணைப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபேஸில் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும், பழைய வீட்டு ஒயரிங் தாங்காது. மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு 16 ஆம்பியர்தான், 11 கிலோவாட் கிடைக்கும், விடிவதற்குள் நிறைந்துவிடும்.

ராமநாதபுரத்திலிருந்து

கீழக்கரை காக்கா (அண்ணன்) எர்த்தைச் சொல்லிவிட்டார், நான் டயரைச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட கிளையிலிருந்து ஒரு முள் போதும். என் காரில் ஸ்டெப்னி கிடையாது, பேட்டரிக்கு இடம் விட வேண்டுமே. பஞ்சர் கிட் ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். டயருக்குள் சத்தம் குறைய ஃபோம் ஒட்டியிருப்பார்கள். நம்மூர் பஞ்சர்க் கடைத் தம்பி டயரைக் கழற்றி உள்ளே பார்த்ததும் திகைத்துப்போனான். முள் குத்திய இடத்தில் ஃபோமை வெட்டி, சுரண்டிச் சுத்தம் செய்து, அதன்பிறகே பேட்ச் போட முடிந்தது.

அது பரவாயில்லை. சாயல்குடி ரோட்டில் பள்ளத்தில் விட்டு டயரின் பக்கவாட்டு கிழிந்தபோது பேட்ச் எல்லாம் உதவவில்லை. மின்காரைச் சக்கரம் உருள இழுத்துப் போகவும் கூடாது, மோட்டார் கெடும். காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டு வண்டி மதுரையிலிருந்து வர ஐந்து மணி நேரம், அந்த அளவு டயர் வர நான்கு நாள். அன்றிலிருந்து புது டயர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறேன். தம்பி, 21 இஞ்ச் சக்கரம் அழகாக இருக்கிறதென்று எடுக்காதீர்கள். அதே காரில் 19 இஞ்ச் கிடைத்தால் அதுவே நம் ரோட்டுக்கு ஏற்றது. பேட்டரி அடியில் இருப்பதால் இன்சூரன்ஸில் பேட்டரிக்குத் தனிக் காப்பு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பெயிண்ட் அடிக்காத வேகத்தடை நம்மிடம் எத்தனை இருக்கிறது!

மண்டபத்திலிருந்து

அண்ணா, பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லையே. மின்காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பிரேக் டிஸ்க்குக்கு வேலையே இருப்பதில்லை. உப்புக்காற்றில் ஆரஞ்சு நிறத்தில் துரு ஏறி, மூன்றாவது மாதம் பின்சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டது. இப்போது வாரம் ஒருமுறை, ஆளில்லாத நேர்ச்சாலையில், கியரை நியூட்ரலில் போட்டு நாலைந்து முறை அழுத்திப் பிரேக் பிடிக்கிறேன். துரு தேய்ந்து டிஸ்க் பளபளவென்று ஆகிவிடுகிறது.

அடுத்தது கழுவுவது. விருந்தாளிகள் வந்தால் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. காற்றடி காலத்தில் அரிச்சல்முனை ரோட்டில் அலைச்சாரலும் மணலும் வந்து விழும். திரும்பி வந்து போர்த் தண்ணீரில் கழுவினேன், அதுவும் உப்புதான்! காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருந்தது. காவிரித் தண்ணீரைக் காருக்குக் கொட்ட மனம் வரவில்லை. குடத்துக்குக் காத்து நிற்கிற ஊர் இது. அதனால் மேலே ஈரத்துணி மட்டும். இரண்டு வாளி நல்ல தண்ணீர், அதுவும் சக்கர வளைவுக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும். சார்ஜ் போர்ட்டில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள், துடைத்து உலர்த்தினால் போதும்.

தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். போன வருடம் சார்ஜர் முன்னால் சுற்றுலா வேன் நின்றது, டிரைவர் தீர்த்தமாடப் போய்விட்டார். வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு போவதுதான் நிம்மதி.

மீண்டும் கீழக்கரையிலிருந்து

பிரேக் விஷயத்துக்கு நன்றி தங்கச்சி, என் காரிலும் அதே சத்தம்தான்.

ஒன்று விட்டுப்போனது. வளைகுடாவுக்குப் போய் வருகிறவர்கள் கவனியுங்கள். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி நன்றாக இருந்தது. பூட்டுக்கும் திரைக்கும் கரண்ட் தருகிற சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவித்தான் திறந்தேன். இப்போது ஊரை விட்டுக் கிளம்பும்போது பெரிய பேட்டரியை 50 சதவீதத்தில் விட்டு, சின்னதற்குச் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிட்டுப் போகிறேன்.

ஏர்வாடித் தம்பி, புக்கிங் பணம் கட்டும் முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்து, அந்த எண்ணை இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.