பட்டியலில் தெரியும் பில், திறக்கப்போனால் 404: உலாவியில் மட்டும் ஏன்?

நிரல்தறி

மூன்றடுக்குச் செயலி ஒன்றைப் பராமரிக்கிறோம். மேலே உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முகப்பு, நடுவில் ஜாவா சேவைகள், அடியில் தரவுத்தளம். அதே சேவைகளைக் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் டாட்நெட் (மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளம்) செயலியும் ஜேசன் (தரவை எழுத்தாக எழுதி அனுப்பும் வடிவம்) வழியாக அழைக்கிறது.

ஒரே சேவையாக இருந்ததை அண்மையில் பில், இருப்பு, கணக்கு எனப் பிரித்தோம். அதற்குப் பின் உருவான பில்கள் பட்டியலில் பெயர், தேதி, தொகையோடு சரியாகத் தெரிகின்றன. ஒன்றைச் சொடுக்கினால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில். பழைய பில்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. டாட்நெட் பக்கம் ஒரு குறையும் இல்லை. தரவுத்தளத்தில் அந்தப் பதிவு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நகல் தரவுத்தளம் பின்தங்குகிறதோ என்று எல்லாக் கோரிக்கைகளையும் முதன்மைத் தளத்துக்கே திருப்பினேன், கேஷையும் அணைத்தேன். மாற்றமில்லை. அடுத்து எங்கே தேடுவது?

அடுக்குமாடி

டாட்நெட்டுக்குக் கிடைக்கிற பதிவு உலாவிக்குக் கிடைக்கவில்லை என்றால் நகலையும் கேஷையும் விட்டுவிடுங்கள். இருவரும் கேட்பது ஒரே சேவையைத்தானே. சேவையைப் பிரித்தபோது பில்லின் அடையாள எண்ணை உருவாக்கும் முறையையும் மாற்றினீர்களா?

நிரல்தறி

ஆம். முன்பு தரவுத்தளமே 1, 2, 3 என்று எண் கொடுத்தது. இப்போது ஒவ்வொரு சேவையும் தானே எண் உருவாக்குகிறது, ஸ்னோஃப்ளேக் முறையில்: நேரத்துக்கு 41 பிட், கணினிக்கு 10, வரிசைக்கு 12. எண்கள் 19 இலக்கங்களில் வருகின்றன.

அடுக்குமாடி

அங்கேதான் சிக்கல். ஜாவாவின் லாங் என்ற முழு எண் வகைக்கும் டாட்நெட்டில் எழுதப் பயன்படும் சி ஷார்ப் மொழியின் லாங் வகைக்கும் 64 பிட் உண்டு; 19 இலக்கம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகையோ மிதவைப்புள்ளி எண் (தசமங்களையும் தோராயமாக வைத்துக்கொள்ளும் வகை). அதில் துல்லியத்துக்கு 53 பிட்தான். 9007199254740991 வரை ஒவ்வொரு முழு எண்ணும் தனித்தனியாக நிற்கும். அதைத் தாண்டினால் அருகருகே உள்ள எண்கள் ஒன்றாகிவிடும். உலாவியில் 1234567890123456789 என்று கொடுத்துப் பாருங்கள், 1234567890123456800 என்று திரும்பி வரும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ஜேசன் எழுத்துவடிவத்தில் எண்ணின் அளவுக்கு வரம்பே கிடையாது. ஆகவே அனுப்பியவர் செய்ததும் சரி, கம்பியில் போனதும் சரி. வாங்கியவரின் மொழியில் இடம் போதவில்லை.

உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. 404 கிடைத்த கோரிக்கைகளைச் சேவையகப் பதிவேட்டில் எடுத்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓர் எண்ணை எழுதும்போது 17 இலக்கத்துக்கு மேல் பொருளுள்ள இலக்கம் தராது. 19 இலக்க எண்ணானால் குறைந்தது கடைசி இரண்டு இலக்கங்களும் சுழியமாக இருந்தே தீரும்.

நிரல்தறி

பார்த்தேன். தோற்றுப்போன கோரிக்கை ஒவ்வொன்றின் முகவரியும் 00 என்றுதான் முடிகிறது! டெவலப்பர் டூல்ஸின் முன்னோட்டத்திலும் அப்படியே. மூல மறுமொழியில் மட்டும் எண் முழுதாக இருக்கிறது. முகப்பில் பெரிய முழு எண்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட்டின் பிக்இன்ட் வகையைப் பயன்படுத்தினால் தீருமா?

தரவுக்காவலர்

அதுமட்டும் போதாது. ஜேசனைப் பிரித்துப் படிக்கும் கட்டத்திலேயே எண் தேய்ந்துவிடுகிறது. பிறகு பிக்இன்ட்டாக மாற்றினால் தேய்ந்த எண்தான் பெரிதாகக் கிடைக்கும். அடையாள எண்ணைச் சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துத் தொடராக, அனுப்புங்கள். அதை யாரும் கூட்டப்போவதில்லை, பெருக்கப்போவதில்லை. அது எண்ணாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. ட்விட்டர் 2010இல் ஸ்னோஃப்ளேக்குக்கு மாறியபோது இதே காரணத்துக்காகத்தான் எண்ணோடு சர வடிவத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃப்பின் ஜேசன் வடிவமும் 64 பிட் முழு எண்களைச் சரமாகவே எழுதுகிறது.

நிரல்தறி

சரமாக மாற்றினால் டாட்நெட் செயலி உடைந்துவிடாதா? அவர்கள் வெளியீடு எங்கள் கையில் இல்லை. உலாவிக்குப் போகும் வாயிலில் மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

தரவுக்காவலர்

உடைய வாய்ப்புண்டு. டாட்நெட்டில் ஜேசன் படிக்கும் சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் நூலகம் பொது இயல்பமைப்பில் சரத்தை லாங்காக ஏற்காது. டாட்நெட் 5 முதல் அதற்கென்று விருப்பத்தேர்வு இருக்கிறது, ஆனால் அவர்கள்தான் அதை இயக்க வேண்டும். நியூட்டன்சாஃப்ட் என்ற இன்னொரு நூலகம் என்றால் தானே மாற்றிக்கொள்ளும். எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊகிக்காதீர்கள். இருக்கும் புலத்தைத் தொடாமல், பக்கத்தில் சர வடிவில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்து முகப்பை அதற்கு மாற்றுங்கள். கூட்டாளியும் மாறிய பிறகு பழையதை எடுத்துவிடலாம்.

வாயிலில் மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே பில்லுக்கு இரண்டு ஒப்பந்தங்கள் (தரவு எந்த வடிவில் போகும் என்ற உடன்பாடு) உருவாகும். நாளை மூன்றாவது மொழியில் ஒருவர் வந்து இணையும்போது எது உண்மையானது என்று யாருக்கும் தெரியாது. பல மொழிகள் பேசும் அமைப்பில், இருப்பதிலேயே குறுகிய வகையை வைத்திருப்பவருக்கும் பொருந்தும்படி ஒப்பந்தம் எழுதுவதுதான் எல்லோருக்கும் நியாயம்.

அடுக்குமாடி

வழிமொழிகிறேன். ஜாவாவில் ஜேசன் எழுதும் ஜாக்சன் நூலகத்தின், மதிப்பைச் சரமாக எழுதும் டுஸ்ட்ரிங்சீரியலைசரை அந்தப் புதிய புலத்துக்குக் கொடுத்தால் போதும். தொகைகளையும் ஒருமுறை பாருங்கள்: ஜாவாவில் பிக்டெசிமலாக (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் வகை) இருப்பது உலாவியில் மிதவைப்புள்ளியாகிறது; அங்கே 0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004. கூட்டுத்தொகையை இடையடுக்கே கணக்கிட்டு அனுப்பட்டும்.

இன்னொன்று. முகப்பில் அடையாள எண்ணை வைத்து 'புதியது மேலே' என்று வரிசைப்படுத்துகிறீர்களா? சரங்கள் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படும். 10க்குப் பின்னால்தான் 9 வரும். பழைய குறுகிய எண்களும் புதிய நீண்ட எண்களும் கலந்து குழம்பிவிடும். உருவாக்கிய நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒப்பந்தச் சோதனையில் 9007199254740993 என்ற எண்ணோடு ஒரு பில்லைச் சேர்த்துவிடுங்கள். சேவையை அழைக்கும் எந்தப் புதுச் செயலி அதை 9007199254740992 என்று திருப்பித் தந்தாலும் வெளியீட்டுக்கு முன்பே பிடிபடும்.