சித்திரைத் திருவிழா மோர் பந்தல்: போன வருஷம் வாங்குன பழி, இந்த வருஷம் என்ன செய்யலாம்?

செல்லூர்க்காரன்:
அண்ணங்களா, அக்காங்களா, ஒரு யோசனை சொல்லுங்க. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு எங்க தெருப் பயலுக எல்லாம் சேந்து வருஷா வருஷம் நீர்மோர் பந்தல் போடுவோம், போன வருஷம் எங்ககிட்ட மோர் குடிச்ச ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மணி நேரத்துலயே வாந்தி, தெருவே எங்கள வைஞ்சுச்சு. தயிர் நல்ல தயிருதான், தண்ணி லாரில வாங்குனது, ஐஸ் கட்டி மட்டும் மீனுக்குப் போடுறது (அன்னைக்கு வேற எங்கிட்டும் கெடைக்கல). இந்த வருஷம் பந்தலே வேணாம்ங்குறாரு எங்கப்பா. தண்ணில பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாப் போயிருமா?

லேப்காரன்:
தம்பி, மொதல்ல அந்தக் குடும்பம் மோருக்கு முன்னாடி என்ன சாப்டுச்சுன்னு விசாரிச்சீங்களா? ரெண்டு மணி நேரத்துல வாந்தின்னா அது பெரும்பாலும் கிருமி ஏற்கனவே சாப்பாட்டுல கக்கி வச்ச விஷம். விடியக்காலைல வடிச்ச சோத்த சூட்டோட பொட்டலம் கட்டி மதியம் வரைக்கும் வச்சா பேசில்லஸ் சீரியஸ்னு ஒண்ணு பெருகும், திரும்ப சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது. புளிச்ச மோருல அந்த மாதிரி கிருமி அவ்வளவு லேசுல பெருகாது. அதுனால அந்தப் பழி உங்களோடது இல்லாம இருக்கலாம்.

ஆனா சந்தோஷப்படாதீங்க. டைபாய்டு கிருமி உள்ள போனா காய்ச்சல் வர ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும், அப்ப எவனும் உங்க மோர நெனைக்க மாட்டான், யாரும் வைய மாட்டாங்க. நான் பயப்படுறது அதுக்குத்தான். ஐஸ்ல கிருமி சாகாது, சும்மா தூங்கும், அவ்வளவுதான். மீன் ஐஸ மோருக்குள்ள போட்டது உண்மையிலேயே தப்பு.

பிளீச்சிங் பவுடர மோருல போட்டா பிரயோஜனமே இல்ல, பவுடர்ல கிருமியக் கொல்ற குளோரின பால் சத்து தின்னுரும். தண்ணிக்குத்தான் போடணும், கலக்குறதுக்கு முன்னாடி. தெளிஞ்ச தண்ணின்னா 1000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர், ஒரு வாளில கரைச்சு அடில சுண்ணாம்பு தங்குனதும் மேல் தெளிவ மட்டும் ஊத்தி அரை மணி நேரம் விடுங்க. தெறந்து கெடந்த பழைய மூட்டைல வீரியமே இருக்காது, அதுனால குளோரின் பாக்குற கிட் வாங்கி அரை மணி கழிச்சு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் நிக்குதான்னு பாத்துட்டு அப்பறம் மோர் கலக்குங்க.

கோரிப்பாளையம் அக்கா:
தண்ணிய விடுங்கப்பா, அண்டாக்குள்ள கைய விட்டு டம்ளர்ல மொண்டு குடுக்குறாங்களே அதப் பாத்துருக்கீங்களா?? நகம் முழுக்க அழுக்கு, அதே கையால காசு, அதே கையால மூக்கு. கொத்தமல்லியும் கழுவாம அரிஞ்சு போடுறது. அமெரிக்கால மேரின்னு ஒரு சமையல்காரம்மா, நோய் எதுவும் தெரியாம டைபாய்ட சுமந்துக்கிட்டு வீடு வீடா பரப்புனாங்க, 1907-ல அவங்கள தனியா அடைச்சு வச்சாங்க. வெந்த சாப்பாட்டுல தப்பிச்சிரலாம், அவங்க செஞ்ச ஐஸ்கிரீம்லதான் மாட்டுனாங்களாம். மோரும் அடுப்புல ஏறாத சாமான்தானே தம்பி. குழாய் வச்ச டிரம் வைங்க, வயித்தால போறவன பந்தல் பக்கமே விடாதீங்க.

செல்லூர்க்காரன்:
அக்கா வெளுத்துட்டீங்க 😅 லேப் அண்ணே, கேட்டேன், அவங்க ஒரு பக்கம் சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கி ரொம்ப நேரம் பையிலேயே வச்சிருந்து சாப்ட்டுருக்காங்க!! இத போன வருஷமே கேட்டுருக்கலாம். எங்கப்பா மோருக்குள்ள ஐஸ் போடலைன்னா சரின்னுட்டாரு, மண்பானைல வைக்கப் போறோம், ஐஸ் வேணும்னா வெளிய சுத்தி அடுக்கிக்குவோம். குழாய் வச்ச டிரம் ரெண்டு வாடகைக்கு எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.