எச்சில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஹார்மோன் ஜீனுக்குச் சிவப்பு வட்டம்: பயப்பட வேண்டுமா?

கயல்_திருச்சி:
பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு எச்சில் டெஸ்ட் கிட் வாங்கித் தந்தான். குழாயில் துப்பி அனுப்பினேன். 40 பக்க பிடிஎஃப் வந்தது. 'ஹார்மோன்' பக்கத்தில் சி.ஒய்.பி.17, சி.ஒய்.பி.19 என்ற இரண்டு ஜீன்களுக்கும் சிவப்பு வட்டம். 'மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுதல்' என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே ப்ரோக்கோலி மாத்திரை வாங்க ஒரு பட்டன். எனக்கு வயது 36. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

லேப்கோட்:
அந்த மாத்திரை பட்டனே பாதி பதில். சி.ஒய்.பி.17 என்பது ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாகும் வழியில் வேலை செய்யும் ஒரு என்சைமின் ஜீன். அதில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியவர்களுக்கு முற்றிய மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று 1997ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சில நூறு பேரை வைத்துச் செய்தது. பின்னால் ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அதற்குப் போய் இன்னும் சிவப்பு வட்டம் போட்டுக் காசு பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டை மூடி வையுங்கள்.

குமரன்_ஜீனோம்:
லேப்கோட் சார், ஒரு ஜீன் தோற்றதற்காக ஹார்மோன் ஜீன் எல்லாமே வெத்து என்பது சரியில்லை. 1896லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், சினைப்பைகளை எடுத்ததும் முற்றிய மார்பகக் கட்டி சுருங்கியதை எழுதி வைத்தார். சினைப்பையில் சுரக்கும் ஹார்மோனுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. 2009ல் ஷாங்காய் பெண்களிடம் இந்த நோயோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடித்த ஒரு மாற்றம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் புரதம்) ஜீனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சி.ஒய்.பி.19 தான் அரோமட்டேஸ் என்ற என்சைமின் ஜீன். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் செய்வது அந்த என்சைம்தான், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை முடக்குவதும் அதைத்தான். அந்த ஜீனுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பீர்களா?

லேப்கோட்:
ஜீனுக்குச் சம்பந்தம் உண்டு. கயலிடம் இருக்கிற மாற்றத்துக்கு உண்டா என்பதுதான் கேள்வி. 2007ல் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களில் இந்த ஜீனின் சில மாற்றங்கள் ஈஸ்ட்ரோஜனை 10 முதல் 20 சதவீதம் கூட்டின. நோய் கூடியதாகத் தெரியவில்லை.

குமரன்_ஜீனோம்:
இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினால் ஆபத்தும் கூடும் என்று 2002ல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துக் காட்டினார்களே. ஜீன் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும், ஈஸ்ட்ரோஜன் நோயைக் கூட்டும், ஆனால் ஜீன் நோயைக் கூட்டாதா?

லேப்கோட்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 2002 ஆய்வின்படி ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் முக்கிய வகை) இரண்டு மடங்கானால் ஆபத்து சுமார் 30 சதவீதம் ஏறும். வெறும் 15 சதவீதம் கூடினால்? ஏறுவது 5 சதவீதம் போல. நூறு பேருக்கு வருகிற இடத்தில் நூற்றைந்து பேர். ஆயிரக்கணக்கானவர்களை வைத்துத் தேடினாலும் அது கண்ணில் படாது. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனை 90 சதவீதத்துக்கு மேல் இறக்குகிறது, அதனால்தான் மருந்தாகிறது. குழாயை அடைப்பதும் லேசாகத் திருகுவதும் ஒன்றா? அப்புறம், கயலுக்கு 36 வயது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜனில் பெரும்பங்கு சினைப்பையிலிருந்து வருகிறது, மாதச் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது. மாதவிடாய் நின்றவர்களின் கணக்கை அவருக்குப் போடவே கூடாது.

குமரன்_ஜீனோம்:
அந்த 5 சதவீதத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறுதுளி பெருவெள்ளம் சார். 2019ல் டி.என்.ஏ.வில் 313 இடங்களில் உள்ள மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டார்கள். உச்சத்தில் இருக்கும் 1 சதவீதப் பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நடுவில் இருப்பவர்களைப் போல 4 மடங்குக்கும் மேல். எல்லாமே நீங்கள் ஒதுக்குகிற மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்கள்தான்.

லேப்கோட்:
313ம் கயலின் இரண்டு வட்டமும் ஒன்றா தம்பி? அதுவும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்துக் கட்டிய மதிப்பெண். நம் பெண்களுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

மீனாட்சி_நர்ஸ்:
1896, 2019 என்று சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியதை இரண்டு பேருமே கேட்கவில்லை. கயல், குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா அம்மா?

கயல்_திருச்சி:
அம்மாவின் தங்கை மார்பகப் புற்றுநோயில் 41 வயதில் போய்விட்டார். பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, சினைப்பையில் வந்தது. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். கிட்காரர்கள் இதையெல்லாம் கேட்கவே இல்லை.

குமரன்_ஜீனோம்:
ரிப்போர்ட்டில் பி.ஆர்.சி.ஏ. என்று எங்காவது இருக்கிறதா? பழுதானால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் ஜீன்கள் அவை, குடும்பத்தில் தொடரும்.

கயல்_திருச்சி:
40 பக்கமும் பார்த்துவிட்டேன், இல்லை. காபி குடித்தால் எனக்குப் படபடப்பு வருமா என்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

லேப்கோட்:
அந்த ரிப்போர்ட் மூடியே இருக்கட்டும், ஆனால் நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.1 பழுதாக இருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69. நாங்கள் 5 சதவீதத்துக்கு அடித்துக்கொண்டிருந்தோம்.

மீனாட்சி_நர்ஸ்:
மரபணு ஆலோசனை தருகிற புற்றுநோய் மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். முடிந்தால் பெரியம்மாவையும் கூட்டிப் போங்கள். நோய் வந்தவரை முதலில் சோதிப்பதுதான் முறை. அவரிடம் பழுது கிடைத்தால் உங்களிடம் அதே இடத்தைப் பார்த்தால் போதும். அவரை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால், அதை முழுசாக நம்ப முடியாது.

கயல்_திருச்சி:
பெரியம்மா ஊசி என்றாலே ஓடுவார். எச்சிலில் பார்க்க முடியாதா?

மீனாட்சி_நர்ஸ்:
செய்கிற லேப் உண்டு, ஆனால் ரத்தம்தான் வழக்கம். கீமோவுக்கே கை நீட்டியவர்தானே, கேட்டுப் பாருங்கள்.

கயல்_திருச்சி:
சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.