ரேஷியோ டெசிடெண்டை, ஆபிடர்: தீர்ப்புநெறி, இடைப்பிறவுரை என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டவியல் முதலாண்டுப் பாடநூலுக்கான சொற்பட்டியலில் இந்த இரண்டு லத்தீன் சொற்களுக்கான தமிழ்தான் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு தீர்ப்பில், பின்னால் வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டப் பகுதி ரேஷியோ டெசிடெண்டை. முடிவுக்குத் தேவையில்லாமல் நீதிபதி போகிற போக்கில் சொல்லும், கட்டுப்படுத்தாத கருத்து ஆபிடர். வந்த மடல்களையெல்லாம் சேர்த்து வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவதைவிட ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ரேஷியோவுக்குத் 'தீர்ப்பின் காரணம்' என்றே வைத்துவிடலாமே. லத்தீனிலும் அதே பொருள்தானே?

ஐயா, லத்தீனில் அந்தப் பொருள்தான். ஆனால் வகுப்பில் இது மாணவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு தீர்ப்பில் காரணங்கள் நிறைய இருக்கும். இரண்டாம் சாட்சியை நம்ப முடியவில்லை என்பது ஒரு காரணம். பத்திரத்தில் உள்ள கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பது இன்னொன்று. அந்த வழக்கு முடிவானதே இவற்றால்தான் என்றாலும், இவை அடுத்த வழக்கைக் கட்டுப்படுத்துவதில்லை. அரசமைப்பின் 141-ஆவது உறுப்பு, உச்ச நீதிமன்றம் அறிவித்த 'சட்டம்' எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. நமக்குச் சொல் வேண்டியது காரணக் குவியலுக்குள் இருக்கும் அந்தச் சட்டத்துக்கு. 'தீர்ப்பின் அடிப்படை' என்றாலும் இதே சிக்கல்தான். அதோடு அடிப்படை உரிமை, அடிப்படைக் கடமை, அடிப்படைக் கட்டமைப்பு என்று அரசமைப்புப் பாடம் முழுக்க அந்தச் சொல் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது.

மாணவருக்கு எதை விளக்க வேண்டும் என்று பார்த்தால் சொல்லும் தெளிவாகும். எல்லோரும் எடுக்கும் உதாரணத்தையே எடுக்கிறேன். 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் டோனஹ்யூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஒரு புட்டி இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். புட்டிக்குள் அழுகிய நத்தை இருந்தது என்பது வழக்கு. காசு கொடுத்தது தோழி, அதனால் டோனஹ்யூவுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அப்படியிருக்க, பானத்தைத் தயாரித்தவர் அவருக்குப் பொறுப்பாளியா? 1932-இல் அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆம் என்றது. இடையில் யாரும் திறந்து பார்க்க முடியாத வகையில், நுகர்வோர் கைக்கு அப்படியே போய்ச் சேரும்படி பொருளை அனுப்பும் தயாரிப்பாளர், அந்த நுகர்வோர் விஷயத்தில் நியாயமான கவனம் காட்டக் கடமைப்பட்டவர். இதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் பிரித்தெடுப்பது. இதைக் 'காரணம்' என்று எப்படிச் சொல்வது? இது பின்னால் வருகிறவர் பின்பற்றி நடக்க வேண்டிய நெறி.

அதனால்தான் 'தீர்ப்புநெறி'யை முன்வைக்கிறேன்.

> 'நெறி' என்றால் கட்டாயமில்லை என்ற தொனி வருகிறதே. அரசு நெறிமுறைக் கோட்பாடுகளை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்றுதானே நாமே சொல்லித் தருகிறோம்? 'தீர்ப்புவிதி' உறுதியாக இல்லையா?

அம்மா, இந்த மறுப்பு இந்த இழையில் வந்தவற்றிலேயே வலுவானது. அந்தக் கோட்பாடுகளை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்று சொல்லும் 37-ஆவது உறுப்பின் நிழல் 'நெறி' மேல் விழுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் 'விதி' இதைவிடச் சங்கடம். சட்டத்தின் கீழ் அரசு இயற்றும் துணைவிதிகளை ஏற்கெனவே 'விதிகள்' என்கிறோம். மாணவர் 'தீர்ப்புவிதி' என்று படித்தால், தீர்ப்பு எழுதுவதற்கான நடைமுறை விதி என்றுதான் எடுத்துக்கொள்வார். எழுத்தில் பொறித்து வைத்த விதிக்கு ஒரே வாசகம்தான். தீர்ப்பிலிருந்து எடுக்கும் நெறியோ, எடுப்பவரைப் பொறுத்துக் குறுகும், விரியும். நத்தை வழக்கின் நெறி இஞ்சி பானத்தோடு நின்றுவிடுகிறதா, எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொருந்துமா என்று பின்னால் வந்த நீதிமன்றங்கள் வாதித்துத்தான் முடிவு செய்தன. 'குறுகிய தீர்ப்புநெறி', 'விரிந்த தீர்ப்புநெறி' என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. 'விரிந்த விதி' என்று சொன்னால் நாக்கு தடுக்குகிறது.

அப்புறம் கேசவானந்த பாரதி வழக்கு. நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. 24-4-1973 அன்று 13 நீதிபதிகள் அமர்ந்து 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். முடிவு ஏழுக்கு ஆறு. ஒன்பது பேர் மட்டும் ஒரு சுருக்கத்தில் கையெழுத்திட்டார்கள். நீதிபதி கன்னா எழுதிய தீர்ப்புதான் தராசைச் சாய்த்தது. அடிப்படை உரிமைகளைப் பற்றித் தாம் சொன்னதன் பொருள் என்ன என்பதை அவரே 1975-இல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் விளக்க வேண்டி வந்தது. இந்தத் தீர்ப்புகளுக்குள் காரணங்களைத் தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். தீர்ப்புநெறி எது என்று கேட்கும்போதுதான் கேள்வியே பிறக்கிறது. அந்தக் கேள்வியைத் தமிழில் பயிலும் மாணவரும் அதே கூர்மையோடு கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

சரி, ஆபிடருக்கு வருகிறேன். முதலில் 'புறவுரை' நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் நன்னூல் பாயிரத்தின் பெயர்களை அடுக்கும்போது முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம் என்ற வரிசையில் புறவுரையையும் வைத்திருக்கிறது. முன்னுரைக்கு உரிய பெயரை இதற்குக் கொடுப்பது முறையில்லை. புறங்கூறலின் வாடையும் அதில் இருக்கிறது. 'உபரியுரை' கூடவே கூடாது. நத்தை வழக்கிலேயே நீதிபதிகளில் ஒருவரான ஆட்கின் பிரபு, உன் அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்பதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, யார் அயலான் என்று விரித்துப் பேசினார். அந்த வழக்கை முடிக்க அவ்வளவு அகலமாகப் பேச வேண்டிய தேவை இல்லை. ஆனால் கவனக்குறைவுச் சட்டம் முழுக்க வளர்ந்தது அந்தப் பேச்சைப் பற்றிக்கொண்டுதான். அதை உபரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'இடைப்பிறவுரை'. நன்னூலின் 'இடைப்பிறவரல்' நினைவிருக்கும், சேர்ந்து நிற்க வேண்டிய இரு சொற்களுக்கு நடுவே பிற சொல் வருவது. 'அறத்தை அழகுபெறச் செய்தான்' என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். 'அழகுபெற' என்பதை எடுத்துவிட்டாலும் 'அறத்தைச் செய்தான்' என்று வாக்கியம் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு பேராசிரியர் வாம்பா தந்த சோதனையும் ஏறக்குறைய இதுதான். தீர்ப்பில் உள்ள ஒரு கூற்றை எடுத்து அதன் பொருளைத் தலைகீழாக்கிப் பார். முடிவு அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்தக் கூற்று நெறியில் சேராது. இலக்கண வகுப்பில் படித்ததை வைத்தே மாணவர் இதைப் பிடித்துக்கொள்வார். நன்னூலார் 'ஏற்பன' மட்டுமே இடையில் வரும் என்கிறார். தொடர்பில்லாதது நுழையாது, வருவதும் இழிவானதில்லை என்ற நயமும் கூடவே கிடைக்கிறது. சொல் கொஞ்சம் நீளம்தான். பேச்சில் 'இடையுரை' என்று சுருக்கிக்கொள்வார்கள். அதில் தவறில்லை, ஆனால் பாடநூலில் முழுச்சொல்லே இருக்கட்டும்.

> இதையெல்லாம் புதிதாக உருவாக்க வேண்டுமா? பழைய தமிழ்ச் சட்ட நூல்களில் இல்லையா?

தேடிப் பார்க்க வேண்டியதுதான். பின்னாளில் மாயூரம் முன்சீப்பாகப் புகழ்பெற்ற வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். வாதமெல்லாம் முடிந்து நிலைபெற்ற முடிவு என்ற பொருளில் 'சித்தாந்தம்' எவ்வளவு பொருத்தமான சொல்! இன்று அது சமயத்துக்கும் அரசியலுக்கும் போய்விட்டதால் நாம் திரும்ப எடுக்க முடியாது. நூலின் முன்னுரையில் அவருடைய முயற்சியை மட்டும் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'நெறி'யால் இன்னொரு ஆதாயமும் உண்டு. பழைய வழக்கொன்றின் நெறியைப் பிற்காலத் தீர்ப்பு செல்லாததாக்கினால், அதை 'நெறிநீக்கம்' எனலாம். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்திக் குறைக்க முடியாது என்ற 1967-இன் கோலக்நாத் தீர்ப்பைக் கேசவானந்த பாரதி தீர்ப்பு நெறிநீக்கம் செய்தது. ஆனால் கோலக்நாத் குடும்பத்தின் நில வழக்கு 1967-இல் முடிந்தது முடிந்ததுதான், அதை யாரும் தொடவில்லை. மேல்முறையீட்டில் அதே வழக்கின் தீர்ப்பையே மாற்றுவது வேறு. இப்போது இரண்டுக்கும் 'ரத்து' என்றே எழுதுகிறோம், மாணவர்கள் குழம்புகிறார்கள். அம்மா, மாவட்ட நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? அது தெரிந்தால் அடுத்த இழையை அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்